கார்டில் காசு வாங்கலாமா? சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு ஒயர்மேனின் கணக்கு

போன மாதம் பைப்பு வேலை செய்கிற ஒரு தம்பி கூப்பிட்டான். தமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், ஒரு டீச்சர் வீட்டில் வாட்டர் ஹீட்டர் மாற்றியிருக்கிறான், பில் 680 வெள்ளி (ரிங்கிட்), அவர் பர்ஸிலிருந்து கார்டை எடுத்து நீட்டியிருக்கிறார், இவன் "இல்லைங்க டீச்சர், காசு மட்டும்தான்" என்று சொல்ல, "அப்ப அடுத்த வாரம் வாங்க" என்றாராம். மூன்று வாரம் ஆகிவிட்டது. "அண்ணே, நானும் ஒரு மெஷின் எடுத்துடட்டுமா?" என்று கேட்டான். போனில் முழுதாகச் சொல்ல முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். செய்வது ஒயரிங்கும் ஏர்கோனும் (ஏசி). ஆனால் தச்சு, வெல்டிங், பெயிண்ட், புல் வெட்டுகிற வேலை, வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கும் அக்காக்கள் என்று சொந்தமாக உழைத்து ஆளுக்கு ஆள் காசு வாங்குகிற எல்லாருக்கும் இந்தக் கணக்கு ஒன்றுதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைப்பேசியில் ஸ்கேன் செய்து நம் கணக்குக்குக் காசு போடுகிற டுயிட்நவ் கியூஆர் இன்னும் எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே எடுங்கள். கார்ட் அதற்கு அப்புறம்தான், அதுவும் உங்கள் பில்கள் 300, 400 வெள்ளியைத் தாண்டுகிற வேலையாக இருந்தால். மாத வாடகை கட்டுகிற மெஷின் நம்மைப்போன்ற ஆட்களுக்கு வேண்டவே வேண்டாம். ரொக்கம் வாங்குவதை மட்டும் ஒருநாளும் நிறுத்தாதீர்கள். ஏன் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பில் புத்தகத்தை எடுங்கள்

யாரோ சொன்னார்கள், பக்கத்துக் கடையில் வைத்திருக்கிறார்கள் என்று மெஷின் எடுக்காதீர்கள். கடந்த மூன்று மாத பில் புத்தகத்தை எடுத்து உட்காருங்கள். ஒவ்வொரு பில்லுக்கும் எதிரே மூன்று விஷயம் எழுதுங்கள்: எவ்வளவு, எப்படிக் கொடுத்தார்கள், வேலை முடிந்து எத்தனை நாள் கழித்துக் காசு கைக்கு வந்தது. இந்த மூன்றாவதைத்தான் நாம் யாரும் எழுதுவதில்லை, ஆனால் பதில் அதில்தான் இருக்கிறது. என் மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து இதை எழுதினார். அன்றைக்கே காசு வந்த பில்களை ஒரு பக்கமும் இழுத்துக்கொண்டு போன பில்களை ஒரு பக்கமும் பிரித்தபோது, இழுத்ததெல்லாம் பெரிய பில்களாகவே இருந்தன. 60 வெள்ளிக்கு ஃபேன் மாற்றினால் யாரும் கடன் சொல்வதில்லை. ஏர்கோன் புதிதாகப் பொருத்தி 1,500 வெள்ளி என்றால், கையில் அவ்வளவு ரொக்கம் வைத்திருக்கிற வீடு எது?

என் வாடிக்கையாளர்கள் மூன்று வகை, உங்களுக்கும் அநேகமாக அப்படித்தான் இருக்கும். எல்பில், ஹீவூட் பக்கம் தோட்டத்து வீடுகள், பட்டணத்தைச் சுற்றியுள்ள தமான் வீடுகள், அப்புறம் அப்பா அம்மா இங்கே இருக்க பிள்ளைகள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு "அண்ணே, அம்மா வீட்டுல லைட்டு எரியலையாம், போய்ப் பாருங்க, நான் காசு போட்டுடுறேன்" என்று வாட்ஸ்அப்பில் கூப்பிடுகிறவர்கள். இந்த மூன்று பேருக்கும் ஒரே வழி ஒத்துவராது.

தோட்டத்து வீடுகளில் சம்பளம் முன்பு போல் கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா) மேசையில் எண்ணிக் கொடுக்கிற காசாக வருவதில்லை, வங்கிக் கணக்கில் விழுகிறது. வேலைச் சட்டப்படி அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் போட்டுவிட வேண்டும். ஆக அவர்களிடம் காசு இருக்கிறது, ஆனால் கணக்கில் இருக்கிறது. நமக்கு ரொக்கமாகக் கொடுக்க வேண்டுமென்றால் மோட்டார் எடுத்துக்கொண்டு பட்டணத்துக்கு வந்து ஏடிஎம்மில் எடுக்க வேண்டும், வேறு வங்கியின் ஏடிஎம் என்றால் அதற்கு ஒரு வெள்ளி வேறு. நாம் "ரொக்கம் மட்டும்" என்று சொல்லும்போது அந்த அலைச்சலை அவர்கள் தலையில் வைக்கிறோம். அவர் சோம்பேறித்தனத்தால் கடன் சொல்லவில்லை, எடுக்க நேரமில்லாமல் சொல்கிறார். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் நான் கியூஆர் எடுத்தேன்.

கியூஆர் எடுப்பது எப்படி

டுயிட்நவ் கியூஆர் 2019இல் வந்தது. வங்கிகளுக்கு இடையிலான பணப் பரிமாற்றத்தைக் கையாளும் பேநெட் நிறுவனம் நடத்துகிறது. ஒரே ஒரு கியூஆர், எந்த வங்கி ஆப்பிலிருந்தும், டச் அண்ட் கோ, பூஸ்ட் போன்ற இ-வாலட்டிலிருந்தும் ஸ்கேன் செய்யலாம். வங்கி ஆப்பில் எல்லாருக்கும் சொந்தமாக ஒரு கியூஆர் இருக்கும், அதையே காட்டி வாங்குகிறவர்கள் நிறைய பேர். ஆரம்பத்துக்குப் பரவாயில்லை. ஆனால் தொடர்ந்து வேலை செய்கிறவர் வியாபாரக் கணக்கும் வியாபாரக் கியூஆரும் எடுப்பதே நல்லது. ஸ்கேன் செய்தவுடன் வாடிக்கையாளர் திரையில் உங்கள் வியாபாரப் பெயர் வரும், பில்லில் இருக்கிற பெயரும் அதுவும் ஒன்றாக இருந்தால் அவருக்கு நம்பிக்கை. வீட்டுச் செலவும் வேலைக் காசும் ஒரே கணக்கில் கலந்து கிடக்காது என்பது உங்களுக்கு நிம்மதி.

வியாபாரக் கணக்குக்கு எஸ்எஸ்எம் (நிறுவனப் பதிவு ஆணையம்) பதிவு வேண்டும். பலர் இதற்கே தயங்குகிறார்கள். ஐசியில் (அடையாள அட்டையில்) உள்ள உங்கள் சொந்தப் பெயரிலேயே பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு வியாபாரப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. ஐந்து ஆண்டுக்குச் சேர்த்தும் கட்டலாம். சட்டப்படி தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிந்திருக்க வேண்டும், அதனால் இதைக் கார்டுக்காகச் செய்கிற வேலை என்று நினைக்காதீர்கள், எப்படியும் செய்ய வேண்டியது. இணையத்திலேயே பதியலாம். ஆப்பில் தட்டுவது சிரமம் என்றால் வீட்டில் படிக்கிற பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

சான்றிதழும் ஐசியும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போங்கள். கவுண்டரில் ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: கியூஆரில் வருகிற காசுக்கு எவ்வளவு பிடிப்பீர்கள், தள்ளுபடி என்றால் எதுவரை? 2023 கடைசியில் வியாபாரிகளிடம் டுயிட்நவ் கியூஆருக்குக் கட்டணம் எடுப்பார்கள் என்று நாடு முழுக்கப் பேச்சு எழுந்தது, அப்போதே பல வங்கிகள் சிறு வியாபாரிகளுக்கு இல்லை என்று அறிவித்தன. உங்கள் வங்கியில் இன்றைய நிலை என்ன என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கியூஆர் கிடைத்ததும் இரண்டு அச்சடித்துப் பிளாஸ்டிக் போடுங்கள். ஒன்று டூல் பாக்ஸில், ஒன்று வேனில். கூடவே பில் புத்தகத்தில் உங்கள் டுயிட்நவ் எண்ணையும் போட்டுவிடுங்கள். அது கைப்பேசி எண்ணாக இருக்கலாம், வியாபாரப் பதிவு எண்ணாகவும் இருக்கலாம். வீட்டில் ஆளில்லை, பாட்டி மட்டும்தான் இருக்கிறார் என்றால் பில்லைக் கொடுத்துவிட்டு வரலாம், மகன் சாயங்காலம் வந்து அந்த எண்ணைத் தட்டிக் காசு போட்டுவிடுவார். 2018 ஜூலையிலிருந்து 5,000 வெள்ளி வரை உடனடியாக அனுப்புவதற்கு 50 சென் கட்டணமும் கிடையாது. 50 சென்னுக்குப் பயந்து நாளைக்கு நாளைக்கு என்றவர்கள் இன்னும் பழைய நினைப்பில் இருக்கிறார்கள், சொல்லிக் கொடுங்கள்.

சிங்கப்பூர் பிள்ளைகளுக்கு இன்னொன்று. 2023 நவம்பரிலிருந்து அங்குள்ள பேநவ் என்ற பணம் அனுப்பும் சேவையும் இங்குள்ள டுயிட்நவ்வும் இணைந்திருக்கின்றன. அவர்களுடைய வங்கி அந்தச் சேவையில் சேர்ந்திருந்தால் உங்கள் கைப்பேசி எண்ணுக்கே நேராக அனுப்பலாம். இதைத் தெரியாமல் அடுத்த முறை ஊருக்கு வரும்போது தருகிறேன் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், தீபாவளி வரைக்கும் நாம் காத்திருப்போம்.

கார்ட் எப்போது தேவைப்படுகிறது

கியூஆர் எடுத்துவிட்டால் மேலே சொன்ன டீச்சர் கதை பாதி தீர்ந்துவிடும். ஏன் முழுசாகத் தீராது என்றால், அவர் நீட்டியது கிரெடிட் கார்ட். கணக்கில் இருக்கிற காசு வேறு, கிரெடிட் கார்ட் வேறு. ஏர்கோன் திடீரென்று நின்றுவிட்டது, சம்பளத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள், வீட்டில் கைக்குழந்தை. இந்த நிலையில் கார்டில் கொடுக்க முடிந்தால் அவர் இன்றைக்கே வேலையைச் செய்யச் சொல்வார், இல்லையென்றால் சம்பளம் வரட்டும் என்பார், அல்லது கார்ட் எடுக்கிற ஈப்போ கடைக்குப் போன் போடுவார். அந்த வேலை நம் ஊரை விட்டுப் போகிறது. ஏர்கோன் பொருத்துகிறவர், வீடு முழுக்க ஒயரிங் மாற்றுகிறவர், கேட், கிரில் போடுகிறவர், சமையலறை அலமாரி செய்கிற தச்சர், இவர்களுக்குக் கார்ட் உண்மையாகவே வேலையைக் கொண்டுவரும். 40, 50 வெள்ளிக்குப் புல் வெட்டுகிறவருக்கோ, சட்டைக்கு ஓரம் அடிக்கிற அக்காவுக்கோ தேவையே இல்லை, கியூஆர் போதும்.

இப்போது கணக்கு. கார்டில் வாங்கினால் பில் தொகையில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் உங்கள் கணக்கில் போடுவார்கள். இதற்கு எம்டிஆர் என்று பெயர், ஒப்பந்தத்தில் அப்படித்தான் போட்டிருக்கும். உள்ளூர் டெபிட் கார்டுக்குக் குறைவாகவும் கிரெடிட் கார்டுக்கு அதிகமாகவும் இருக்கும், வெளிநாட்டுக் கார்டுக்கு இன்னும் அதிகம். ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் கணக்குக்காக 1.5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு மாதத்தில் பத்துப் பேர் கார்டில் கொடுத்து மொத்தம் 2,400 வெள்ளி வந்தது என்றால் பிடிப்பு 36 வெள்ளி. மெஷினுக்கு மாத வாடகை 50 வெள்ளி இருந்தால் மொத்தம் 86, அதாவது நூற்றுக்கு மூன்றரைக்கு மேல். அடுத்த மாதம் மழைக்காலம், வேலை குறைவு, இரண்டே பேர் கார்டில் கொடுத்து 300 வெள்ளிதான் வந்தது. பிடிப்பு நாலரை வெள்ளி, வாடகை அதே 50. 300 வெள்ளிக்கு 54 வெள்ளி 50 சென்! நூற்றுக்குப் பதினெட்டு போய்விட்டது. வாடகை மெஷின் வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். கடை வைத்திருப்பவருக்குத் தினமும் ஆள் வருகிறது, அந்த 50 வெள்ளி பரவிவிடும். நமக்கு வேலை ஒரு மாதம் வெள்ளம், ஒரு மாதம் வறட்சி.

அதே 1.5 விழுக்காட்டை வேறு பக்கத்திலிருந்தும் பாருங்கள். 180 வெள்ளி பில் ஒன்று கடைசிவரை வராமலே போய்விட்டது என்றால், அது 12,000 வெள்ளி கார்ட் வரவுக்குக் கட்டுகிற பிடிப்புக்குச் சமம். பில் வாங்கத் திரும்பத் திரும்பத் தோட்டத்துக்குள் வேன் ஓட்டுகிற பெட்ரோலையும், அந்த நேரத்தில் செய்திருக்கக்கூடிய இன்னொரு வேலையையும் இதில் நான் சேர்க்கவில்லை. "பேங்க்காரன் நம்ம காசைத் திங்கிறான்" என்று கோபப்படுகிற அண்ணன்மார்களிடம் இந்த ஒரு கணக்கைத்தான் நான் சொல்வேன். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது, வெயிலில் கூரைமேல் நின்று உழைத்த காசு. ஆனால் வராத பில்லில் போகிற காசுக்கு நாம் கோபப்படுவதில்லையே, அது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

மெஷின் இல்லாமல் கார்ட் வாங்குவதற்கு இப்போது வழி இருக்கிறது. தட்டினால் கார்டைப் படிக்கிற என்எஃப்சி வசதி உள்ள ஆண்ட்ராய்ட் கைப்பேசியிலேயே ஆப்பைப் போட்டு, வாடிக்கையாளர் கார்டை அதன் முதுகில் தட்டினால் போதும். பல வங்கிகளும் கட்டண நிறுவனங்களும் இதைத் தருகின்றன. நமக்கு ஏற்றது இதுதான். இன்னொன்று, கட்டண லிங்க்: வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வெளியூரில் இருக்கிற மகள் அங்கிருந்தே கார்டிலோ, வங்கிக் கணக்கிலிருந்து நேராகக் கட்டுகிற எஃப்பிஎக்ஸிலோ கட்டிவிடலாம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், நான் அடிபட்ட இடம் இது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் ஆள் கோப்பிக்கடையில் வந்து உட்கார்ந்து மெஷின் "ஃப்ரீ" என்றார். கையெழுத்துப் போட்டேன். முதல் சில மாதம்தான் ஃப்ரீ, அப்புறம் வாடகை, இரண்டு ஆண்டுக்குள் திருப்பிக் கொடுத்தால் மீதி மாதங்களுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று பின்பக்கத்தில் இருந்தது. படிக்காமல் போட்டது என் தப்பு. அந்த ஆள் அதை வாயால் சொல்லாமல் போனதும் சரியில்லை. நீங்கள் ஐந்து கேள்வி கேளுங்கள், பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். மாதக் கட்டணம், ஆண்டுக் கட்டணம், குறைந்தபட்ச விற்பனை என்று ஏதாவது உண்டா? டெபிட், கிரெடிட், வெளிநாட்டுக் கார்ட் ஒவ்வொன்றுக்கும் எத்தனை விழுக்காடு? காசு என் கணக்குக்கு எத்தனை வேலை நாளில் வரும்? எத்தனை மாதம் கட்டுப்பட்டிருக்க வேண்டும், இடையில் விட்டால் எவ்வளவு? வாடிக்கையாளர் பிறகு தகராறு செய்தால் யார் பொறுப்பு?

மூன்றாவது கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கியூஆரில் காசு பெரும்பாலும் அப்போதே தெரியும், கார்டில் ஒரு நாளோ சில நாட்களோ ஆகும், சனி ஞாயிறு, பொது விடுமுறை குறுக்கே வந்தால் இன்னும் தள்ளும். நாளைக் காலையில் ஹார்ட்வேர் கடையில் செம்புக் குழாயும் கேஸும் ரொக்கம் கொடுத்து எடுக்க வேண்டியவருக்கு இது பெரிய விஷயம். தீபாவளிக்கு முந்தின வாரம் பெரிய பில் ஒன்றைக் கார்டில் வாங்கிவிட்டுப் பண்டிகைக்குக் கையில் காசில்லாமல் நிற்கக்கூடாது. பொருள் வாங்குகிற முன்பணத்தைக் கியூஆரிலோ ரொக்கத்திலோ வாங்கிவிட்டு, மீதியைக் கார்டில் வாங்குவது என் பழக்கம்.

கார்டில் கொடுத்தால் 2 விழுக்காடு கூட என்று வாடிக்கையாளரிடம் கேட்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வேண்டாம். கார்டுக்குத் தனியாகக் கூடுதல் வசூலிக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் பொதுவாக இருக்கும், புகார் போனால் உங்கள் கணக்கையே மூடலாம். அதை விலையிலேயே சேர்த்துவிடுங்கள். ஏர்கோனுக்கு 150 வெள்ளி கெமிக்கல் வாஷ் என்றால் பிடிப்பு இரண்டேகால் வெள்ளி, ஆண்டுக்கொரு முறை விலையைத் திருத்தும்போது அது அடங்கிவிடும்.

வீட்டு வாசலில்

வேலை ஒத்துக்கொள்ளும்போதே, "பில் இவ்வளவு வரும், காசு, கியூஆர், கார்ட் எதுவானாலும் சரி, வேலை முடிந்ததும் வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். டூல் பாக்ஸைக் கட்டின பிறகு கேட்பதுதான் சங்கடம். முன்னாலேயே சொல்லிவிட்டால் அவரும் தயாராக இருப்பார். சொந்தக்காரர் வீடாக இருந்தாலும் சொல்லுங்கள், சித்தப்பா வீட்டில் கேட்கக் கூச்சப்பட்டுத்தான் நம்மில் பலருக்குக் காசு நின்றுபோகிறது.

250 வெள்ளி வரை கார்டைத் தட்டினால் போதும், பின் நம்பர் கேட்காது. அதற்கு மேல் ஆறு இலக்கப் பின் போட வேண்டும். கைப்பேசியை அவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். கண் தெரியவில்லை, நீயே போடுப்பா என்று நம்பரைச் சொல்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். வாங்காதீர்கள். "ஆயா, இதை யாருகிட்டயும் சொல்லக்கூடாது" என்று சொல்லிவிட்டு வேறு வழி பாருங்கள். நாளைக்கு அவர் கணக்கில் ஏதாவது குறைந்தால் முதல் சந்தேகம் நம்மேல்தான் விழும், அதைவிட முக்கியம், நம்மிடம் சொன்னவர் நாளைக்குத் திருடனிடமும் சொல்வார். அதேபோல் கார்டை இரண்டு பக்கமும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் உண்டு. உடனே அழிக்கச் சொல்லுங்கள், நீங்களும் அழியுங்கள், லிங்க் அனுப்புங்கள்.

லிங்க் என்றதும் இன்னொன்று. சில ஆண்டுகளுக்கு முன் வீடு சுத்தம் செய்கிற வேலை என்று விளம்பரம் போட்டு, இந்த ஆப்பைப் போடுங்கள் என்று ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டில் ஆப்பை நிறுவுகிற கோப்பு) அனுப்பி வங்கிக் கணக்கைத் துடைத்த கும்பல்கள் நாட்டில் நிறைய இருந்தன. அதனால் மக்கள் பயந்திருக்கிறார்கள், பயப்படுவது சரிதான். வாடிக்கையாளரை எந்த ஆப்பையும் போடச் சொல்லாதீர்கள். லிங்க் அனுப்புவதற்கு முன் போன் செய்து, நான்தான் அனுப்புகிறேன், தொகை இவ்வளவு, இந்தப் பெயர் வரும் என்று சொல்லிவிட்டு அனுப்புங்கள்.

காசு வந்துவிட்டதா என்று உங்கள் திரையில்தான் பார்க்க வேண்டும். ஒருமுறை 220 வெள்ளிக்கு ஒரு வீட்டில் கைப்பேசியைக் காட்டினார்கள், பச்சை டிக், என் பெயர், தொகை எல்லாம் சரி. வீட்டுக்கு வந்து பார்த்தால் காசு இல்லை, மறுநாளும் இல்லை. அந்த ரசீதை ஆப்பில் செய்தார்களோ படத்தில் திருத்தினார்களோ தெரியாது, காசு வரவே இல்லை. அன்றிலிருந்து என் ஆப்பில் சத்தம் வந்து தொகை தெரிந்த பிறகுதான் ஏணியை வேனில் ஏற்றுகிறேன். "லைன் கொஞ்சம் மெதுவா இருக்கு, ரெண்டு நிமிஷம் பார்த்துட்டுப் போறேன்" என்று சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஏமாந்துவிட்டோம், காசு தவறான கணக்குக்குப் போய்விட்டது என்று தெரிந்தால் அந்த நிமிடமே உங்கள் வங்கிக்கோ மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கோ அடியுங்கள், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் காசு கைமாறிவிடும்.

லைன், அதாவது கைப்பேசி சிக்னல், நம் ஊரில் தனிக் கதை. 2021 கடைசியோடு 3ஜி நிறுத்தப்பட்டுவிட்டது, 4ஜி தோட்டத்தின் எல்லா டிவிஷனிலும் (பிரிவிலும்) ஒரே மாதிரி கிடைப்பதில்லை. சில இடத்தில் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) வாசலில் ஒரு கோடுகூட இல்லை, கோயில் மேட்டுக்குப் போனால்தான் வருகிறது. கார்டும் சரி, கியூஆரும் சரி, லைன் இல்லாமல் நடக்காது. அதனால் வேலை தொடங்கும்போதே கைப்பேசியை எடுத்துப் பாருங்கள். லைன் இல்லையென்றால் அப்போதே சொல்லிவிடுங்கள், முடிந்ததும் இரண்டு பேரும் மேட்டுக்குப் போய் முடித்துக்கொள்ளலாம், அல்லது பில்லில் தேதி போட்டு, டுயிட்நவ் எண்ணைக் காட்டி, இத்தனாம் தேதிக்குள் போட்டுவிடுகிறேன் என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். 7ஆம் தேதி தாண்டின ஒரு நாளைப் போடுங்கள், சம்பளம் வந்திருக்கும்.

கார்டில் வாங்கிய வேலைக்கு மட்டும் இன்னொரு வேலை கூடுதல். வாடிக்கையாளர் பிறகு தன் வங்கியிடம் போய், வேலை சரியில்லை, நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை என்று சொன்னால், வந்த காசைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியும். நம்மிடம் விளக்கம் கேட்பார்கள், அப்போது காட்டக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். வேலைக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம், விலை சொன்ன வாட்ஸ்அப் செய்தி, "வேலை முடிந்தது, ஏர்கோன் ஓடுகிறது" என்று அவர் கையெழுத்திட்ட தாள். நான்கும் ஐந்து நிமிட வேலை.

வரி வந்துவிடுமே என்ற பயம்

கார்ட், கியூஆர் எல்லாம் வங்கியில் பதிவாகும், வருமான வரிக்காரர்கள் பிடித்துவிடுவார்கள் என்று ரொக்கத்தையே பிடித்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. நேராகவே பேசுவோம். ரொக்கத்தில் வந்தாலும் அது வருமானம்தான், சட்டம் ஒன்றுதான். சொந்தத் தொழில் செய்பவர் பாரம் பி என்ற வருமான வரிப் படிவத்தை நிரப்ப வேண்டும், கடைசி நாள் ஜூன் 30, கணக்கு ஏடுகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். பயம் எவ்வளவு பெரியது என்று பார்த்தால், பெட்ரோல், பொருள், கருவி, இந்தக் கார்ட் பிடிப்பு எல்லாம் தொழில் செலவாகக் கழிந்து, தனிநபர் கழிவு 9,000 வெள்ளியும் மற்றவையும் போய், மீதி 35,000 வெள்ளி நிற்கிறது என்றால் வரி 600 வெள்ளி, அதில் 400 ரிபேட் (வரித் தள்ளுபடி), கட்ட வேண்டியது 200 வெள்ளி. ஆண்டுக்கு.

பதிவு இல்லாததால் போகிறது அதைவிடப் பெரிது. வேன் வாங்கக் கடன் கேட்டால், சிறு தொழிலுக்குக் கடன் தருகிற அரசு அமைப்பான தெக்குனில், நம் இந்தியச் சமூகத்துக்கான ஸ்பூமி கடனுக்கு விண்ணப்பித்தால், உனக்கு மாதம் எவ்வளவு வருகிறது என்று காட்டச் சொல்வார்கள். பதினைந்து ஆண்டு நல்ல பெயரோடு வேலை செய்தவர் வங்கி அறிக்கையில் ஒன்றுமில்லாமல் வெறுங்கையோடு திரும்பி வருவதை நான் பார்த்திருக்கிறேன். மனசு கஷ்டமாக இருந்தது. அவர் உழைப்புக்கு ஒரு காகிதம்கூடச் சாட்சி இல்லை.

ரொக்கம் கொடுக்கிறவர்களை விடாதீர்கள்

நம் ஊர்ப் பெரியவர்களுக்குக் காசு கொடுத்தால் கையில் ஒரு தாள் வர வேண்டும். 1960இல் மஇகா (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டித்தான் பங்கு வாங்கினார்கள், இந்தப் பெரியவர்கள் அதே தலைமுறை. இந்தச் சுங்கை சிப்புட்டில்தான் சம்பந்தன் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். என் பாட்டி அந்தப் பங்குத் தாளைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்தார். அப்படிப்பட்டவரிடம் போய் "ஸ்கேன் பண்ணுங்க ஆயா" என்றால் அவர் நம்மை நம்புவதற்குப் பதில் அடுத்த முறை கூப்பிடாமலே இருட்டில் உட்கார்ந்திருப்பார். கொடுப்பதை வாங்குங்கள். சில்லறை எப்போதும் வைத்திருங்கள், 50 வெள்ளி நோட்டுக்கு மீதி இல்லை என்று அவரை அலைய விடாதீர்கள். பில்லில் பெரிய எழுத்தில் தொகை எழுதி, "காசு வாங்கியாச்சு" என்று தமிழிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் பேரப்பிள்ளை படித்துக் காட்டும்.

அந்த ரொக்கத்தைச் சட்டைப்பையில் போட்டுச் சாயங்காலத்துக்குள் செலவழித்துவிடாமல், பில் புத்தகத்தின் நகலோடு சேர்த்து ஒரு உறையில் வையுங்கள். நான் வெள்ளிக்கிழமைதோறும் பட்டணத்தில் இருக்கிற டெபாசிட் மெஷினில் வியாபாரக் கணக்குக்குப் போட்டுவிட்டு, அந்தச் சீட்டை அதே உறையில் ஒட்டி, உறையின்மேல் வாரத்தின் தேதியை எழுதி வைக்கிறேன். இரவு மனைவி பில் எண்ணையும் தொகையையும் நோட்டில் ஏற்றிவிடுவார், எந்த வீடு எத்தனை நாள் இழுத்தது என்ற அந்த மூன்றாவது விஷயத்தையும் சேர்த்து.